பழைய பிஎம்டபிள்யூ ஆர்1150இல் ஏபிஎஸ்ஸைக் கழற்ற ஒரு பிரேக் ஹோஸ் கிட்: யார் வாங்கலாம், யார் வாங்கக் கூடாது

பிஎம்டபிள்யூ ஆர்1150 மோட்டார் சைக்கிள் வரிசையில் 2001க்குப் பிறகு வந்த பல வண்டிகளைச் சத்தத்தை வைத்தே அடையாளம் சொல்லலாம். சாவியைத் திருப்பிவிட்டு பிரேக் லீவரை லேசாகத் தொட்டால், பெட்ரோல் டேங்குக்கு அடியிலிருந்து ஒரு மோட்டார் கீச்சென்று இரைய ஆரம்பிக்கும். பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும், இன்டெக்ரல் ஏபிஎஸ் என்று நிறுவனம் பெயர் வைத்த அமைப்பின் பம்ப் அது. இன்று அந்த யூனிட்களுக்கு இருபது வயது தாண்டிவிட்டது. ஒவ்வொன்றாகச் சாகின்றன. புதியதன் விலை வண்டியின் மிச்ச மதிப்போடு போட்டி போடுகிறது. அதனால்தான் ஏபிஎஸ் யூனிட்டை முழுக்க விலக்கிவிட்டு, மாஸ்டர் சிலிண்டரிலிருந்து (லீவரையோ பெடலையோ அழுத்தும்போது ஆயிலைத் தள்ளும் உருளை) காலிப்பருக்கு (பேட்களால் டிஸ்க்கைக் கவ்வும் பாகம்) நேராக ஓடும் ஸ்டீல் பின்னல் ஹோஸ் கிட்களுக்கு இப்போது இவ்வளவு தேவை.

கிட்டைப் பற்றிய தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். யூனிட் செத்துப்போய், ரிப்பேருக்கும் வழியில்லாத வண்டிக்கு இது நல்ல மருந்து. ஏபிஎஸ் ஒழுங்காக வேலை செய்யும் வண்டியில், எடை குறையும், பராமரிப்பு மிச்சமாகும் என்று இதை மாட்டுவது தவறு. குறைவது நான்கு கிலோவுக்குச் சற்று மேல்தான். போவது, மழைச் சாலையில் முன் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காத்த ஒரே பொருள்.

செத்த யூனிட் ஏன் ஆபத்து

சாதாரண ஏபிஎஸ்ஸில் கோளாறு வந்தால் மஞ்சள் விளக்கு எரியும், பிரேக் பழைய பிரேக்காகவே வேலை செய்யும். இன்டெக்ரல் ஏபிஎஸ் அப்படி இல்லை. இதில் லீவரிலிருந்து வரும் ஆயில் காலிப்பரை எட்டுவதே இல்லை. லீவருக்கும் யூனிட்டுக்கும் இடையில் ஒரு கன்ட்ரோல் சர்க்யூட், யூனிட்டுக்கும் காலிப்பருக்கும் இடையில் ஒரு வீல் சர்க்யூட் என்று ஆயில் இரண்டாகப் பிரிந்தே இருக்கிறது. நம் விரல் கொடுப்பது கட்டளை மட்டுமே. காலிப்பரில் அழுத்தம் ஏற்றுவது யூனிட்டுக்குள் இருக்கும் மின்சாரப் பம்ப், முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று. அதனால்தான் ஒரு விரலில் இழுத்தாலே வண்டி முகம் குப்புற நிற்கிறது.

பம்ப் நின்றுவிட்டால் மிஞ்சுவதை நிறுவனக் கையேடு ‘எஞ்சிய பிரேக்’ என்ற பொருளில் சொல்கிறது. அதன் அர்த்தம், முழு பலத்தோடு கையை இறுக்கினாலும் வண்டி வெகு தயக்கத்தோடுதான் வேகம் குறையும். இறக்கத்தில் சாவியை அணைத்துவிட்டு உருட்டிப் பார்த்தவர்களுக்கு அந்தப் பயம் தெரியும். ஏபிஎஸ் விளக்கு நொடிக்கு நான்கு முறை என்ற வேகத்தில் படபடவென்று சிமிட்டினால் ஏதோ ஒரு சர்க்யூட்டாவது இந்த நிலைக்கு வந்துவிட்டது என்று பொருள். அந்த நிலையில் வண்டியைச் சாலையில் எடுக்கக் கூடாது. மெதுவாகப் பட்டறை வரை ஓட்டிப் போகலாம் என்ற நினைப்பும் வேண்டாம். வேறொரு வண்டியில் ஏற்றிக் கொண்டுபோவதுதான் வழி.

இதே காரணத்தால் முந்தைய வரிசையான ஆர்1100 வைத்திருப்பவர்களுக்கு வேறு பதில். 1993இல் ஆர்1100ஆர்எஸ்ஸோடு வந்த ஏபிஎஸ் 2 அமைப்பில் சர்வோ, அதாவது விரலுக்குப் பதில் அழுத்தம் ஏற்றும் பம்ப், கிடையாது. அது தோற்றாலும் சாதாரண பிரேக் அப்படியே இருக்கும். யூனிட் ஆயில் கசியாதவரை அதைக் கழற்ற எந்த அவசரமும் இல்லை. அந்த வண்டிகளில் இரண்டு விளக்கும் மாறி மாறிச் சிமிட்டினால் பாதிக்கு மேல் குற்றவாளி பேட்டரிதான். ஸ்டார்ட்டர் இழுக்கும்போது வோல்டேஜ் தாழ்ந்துபோனால் யூனிட் தன் சுயபரிசோதனையில் தோற்று மூடிக்கொள்ளும். இன்ஜினை ஓடவிட்டு, சாவியை ஒருமுறை அணைத்து மறுபடி போட்டால் விளக்கு ஒழுங்காகிறதென்றால் புதுப் பேட்டரி வாங்க வேண்டும், ஹோஸ் கிட் அல்ல.

காசு கொடுப்பதற்கு முன்

இன்டெக்ரல் ஏபிஎஸ்ஸிலும் விளக்கு எரிகிறது என்பதை மட்டும் வைத்து யூனிட் செத்தது என்று முடிவுகட்டக் கூடாது. முதலில் பேட்டரி, அதன் எர்த் இணைப்பு. அடுத்து சக்கர சென்சார்: சென்சார் முனைக்கும் பல் வளையத்துக்கும் இடையில் அரை மில்லிமீட்டர் அளவிலான இடைவெளிதான் இருக்க வேண்டும். நடுவில் இரும்புத் தூளும் பிரேக் பேட் தூளும் அப்பிக்கொண்டால் சிக்னல் கெடும். துணியால் துடைத்தாலே போகிற கோளாறு இது. மூன்றாவது, லீவரிலும் பெடலிலும் இருக்கும் சின்ன சுவிட்ச்கள். நான்காவது, யூனிட்டின் மேலேயே இருக்கும் வீல் சர்க்யூட் ஆயில் மட்டம். பேட் தேய்ந்த வண்டியில் இது தாழ்ந்திருக்கும். டேங்கைத் தூக்காமல் பார்க்க முடியாததால் பலர் இதைப் பார்ப்பதே இல்லை.

ஜிஎஸ்-911 போன்ற கோளாறு வாசிப்பான் கிடைத்தால் அரை மணியில் உண்மை தெரிந்துவிடும். சென்சார் கோளாறு என்று வந்தால் சென்சாரை மாற்றுங்கள். பம்ப் மோட்டார் அல்லது அழுத்தம் தொடர்பான கோளாறு திரும்பத் திரும்ப வந்தால்தான் யூனிட்டைச் சந்தேகிக்க வேண்டும். அப்போதும் ரிப்பேர் என்று ஒரு வழி உண்டு. ஐரோப்பாவில் இந்த யூனிட்டைத் திறந்து சரிசெய்து உத்தரவாதத்தோடு திருப்பி அனுப்பும் பட்டறைகள் இருக்கின்றன. புதிய யூனிட்டின் விலையில் ஒரு பகுதிதான் ஆகும். அந்த வழி திறந்திருக்கும்வரை கிட் இரண்டாவது தேர்வுதான்.

இந்த யூனிட்கள் இவ்வளவு சீக்கிரம் போவதற்குப் பராமரிப்பும் ஒரு காரணம். வீல் சர்க்யூட்டின் ஆயிலை ஆண்டுக்கு ஒருமுறையும், கன்ட்ரோல் சர்க்யூட்டின் ஆயிலை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும் மாற்றச் சொன்னது நிறுவனம். டேங்கைக் கழற்றி, புனல் வைத்து, பம்பை ஓடவிட்டுச் செய்ய வேண்டிய வேலை அது. இரண்டாம் மூன்றாம் கைக்குப் போன வண்டிகளில் அதை யாரும் செய்யவில்லை. பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். அந்த ஈரம் யூனிட்டுக்குள் இருக்கும் நுண்ணிய பாகங்களைத் தின்றுவிடும்.

கிட்டில் என்ன இருக்கிறது, என்ன இல்லை

குட்ரிட்ஜ், ஹெல், ஸ்பீக்லர் போன்றவர்கள் பின்னல் ஹோஸ் தயாரிப்பில் பெயர் பெற்றவர்கள். உள்ளே டெஃப்லான் குழாய், மேலே ஸ்டெயின்லெஸ் கம்பிப் பின்னல், அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் உறை என்பதுதான் அமைப்பு. உள்துளை 3 மி.மீ.க்குச் சற்று அதிகம். ரப்பர் ஹோஸ் அழுத்தத்தில் லேசாக ஊதும், இது ஊதாது. லீவரில் கிடைக்கும் கெட்டித்தன்மைக்குப் பாதிக் காரணம் இதுவே.

வாங்கும்போது கவனிக்க வேண்டிய முதல் விஷயம் அந்த மேலுறை. உறையில்லாத வெறும் பின்னல் பார்க்கப் பளபளவென்று இருக்கும். ஆனால் அது அரம். உரசுகிற இடத்தில் பெயின்ட்டையும் அலுமினியத்தையும் வயரின் தோலையும் அறுத்துவிடும். வண்டி ஓடும்போது அதிர்வும் சேர்ந்துகொள்ளும். உறை உள்ளதையே வாங்க வேண்டும். இரண்டாவது, முனைகளின் பொருள். அலுமினிய முனையும் அலுமினியப் பேஞ்சோ போல்ட்டும் (ஹோஸ் முனையை இறுக்கும், நடுவில் ஆயில் ஓடத் துளையுள்ள போல்ட்) நிறநிறமாக அழகாக இருக்கும், எடையும் கொஞ்சம் குறையும். குளிர்காலத்தில் சாலையில் உப்புத் தூவும் நாடுகளில் அவை வெளுத்துப்போய் அரிக்கும். ஸ்டெயின்லெஸ் முனைக்குக் கொடுக்கும் கூடுதல் காசு வீண் போகாது.

மூன்றாவது, நீளமும் முனையின் கோணமும். மலிவான கிட்களில் கெட்டுப்போவது பெரும்பாலும் இங்கேதான். ஏபிஎஸ் இல்லாத ஆர்1150ஜிஎஸ்ஸுக்கான அளவை எடுத்து, நெடும்பயண வகையான ஆர்1150ஆர்டிக்கும் சரி என்று விற்பார்கள். ஆர்டியின் ஹேண்டில்பாரும் ஃபேரிங்கும் வேறு, ஹோஸ் ஓடும் பாதையும் வேறு. ஒரு கயிற்றை ஹோஸ் போகும் வழியிலேயே ஓட்டி, ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பி, முன் சக்கரம் தரையில் படாமல் தொங்கும் நிலையில் அளந்து, அந்த அளவுக்கே ஹோஸ் செய்து தரச் சொல்லுங்கள். நல்ல தயாரிப்பாளர்கள் சொன்ன நீளத்துக்குச் செய்து தருவார்கள். டெஃப்லான் குழாயை முறுக்கக் கூடாது என்பதால், இரு முனைக்கும் இடையிலுள்ள திருப்பத்தையும் அளந்து சொல்ல வேண்டும். முறுக்கி மாட்டிய ஹோஸ் உள்ளே மடிந்து, பின்னாளில் வழி அடைத்துக்கொள்ளும்.

கிட்டில் வராதவை: பிரேக் விளக்குக்கான ரிலே, ஃப்யூஸ், வயர், யூனிட்டின் கனெக்டரை மூட ஏதாவது, டேங்கின் குழாய் இணைப்புகளுக்கு ‘ஓ’ ரிங், பிரேக் ஆயில். காப்பர் வாஷர் வரும், ஆனால் எண்ணிக் கணக்காக வரும். ஒரு ஹோஸ் உட்காரும் பேஞ்சோ போல்ட்டுக்கு 2, இரண்டு ஹோஸ் உட்காரும் போல்ட்டுக்கு 3 வாஷர். ஒரு முறை இறுக்கிய வாஷரை மறுபடி போடக் கூடாது. கோணம் சரிபார்க்க ஒன்றிரண்டு முறை கழற்ற நேரும். ஆகவே 15 வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. டாட் 4 ஆயில் அரை லிட்டர் வேண்டும், சீல் உடைக்காத சின்ன டப்பாக்களாக. டாட் 5.1 கலந்தால் பாதகமில்லை. சிலிகான் ஆயிலான டாட் 5ஐ மட்டும் இந்த வண்டியின் பக்கத்திலேயே கொண்டுவரக் கூடாது.

பேஞ்சோ போல்ட் தனியாக வாங்குபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 10 மி.மீ. போல்ட்டில் 1 மி.மீ. பிட்ச், 1.25 மி.மீ. பிட்ச் (மரைகளுக்கு இடையிலான தூரம்) என்று இரண்டு வகை உண்டு. ஜப்பானிய வண்டிகளில் பெரும்பாலும் இரண்டாவது, இந்த வண்டிகளில் முதலாவது. மாறிப்போன போல்ட் இரண்டு மூன்று சுற்று கையாலேயே ஏறும், பிறகு இறுகும். ஸ்பேனர் போட்டால் காலிப்பரின் மரை போய்விடும். வந்த போல்ட்டைப் பழைய போல்ட்டின் பக்கத்தில் வைத்து, மரையோடு மரை பொருந்துகிறதா என்று பார்த்த பிறகே கையில் எடுக்க வேண்டும்.

மாட்டுவது

வேலை அனுபவமுள்ள கைக்கு ஒரு நாள். முதலில் சீட், பக்க மூடிகள், டேங்க். டேங்கில் பெட்ரோல் கால்வாசிக்குக் கீழே இருந்தால் தூக்க எளிது. பெட்ரோல் குழாயின் பிளாஸ்டிக் கப்ளிங் இந்த வண்டிகளில் உடைவதற்கே பெயர் போனது. பிடித்து இழுக்காமல் பொத்தானை முழுக்க அழுத்திய பிறகே பிரிக்க வேண்டும். பேட்டரியின் நெகடிவ் வயரைக் கழற்றிவிட்டு, யூனிட்டின் பெரிய கனெக்டரைப் பிரிக்கலாம்.

யூனிட்டுக்கு வரும் இரும்புக் குழாய்களின் நட்டைச் சாதாரண ஸ்பேனரால் தொட்டால் மூலை மழுங்கும். பைப் நட்டுக்கென்றே உள்ள, வாய் சற்று மூடிய ஸ்பேனர் வேண்டும். அதற்கு முன் காலிப்பர் நிப்பிள் (ஆயிலையும் காற்றையும் வெளியேற்றத் திறக்கும் சின்னத் திருகு) வழியாகவும் மாஸ்டர் சிலிண்டர் வழியாகவும் நான்கு சர்க்யூட்டின் ஆயிலையும் வடித்துவிடுங்கள். எவ்வளவு வடித்தாலும் யூனிட்டுக்குள் கொஞ்சம் மிஞ்சும். அது சொட்டும் இடத்தில் பெயின்ட் கொப்புளித்துவிடும். கீழே கந்தல் துணி விரித்து, ஒரு வாளித் தண்ணீரும் பக்கத்தில் இருக்கட்டும். பிரேக் ஆயிலைத் தண்ணீர் கழுவிவிடும்.

யூனிட்டை வண்டியிலேயே விட்டுவிட்டு ஹோஸை மட்டும் மாற்றினால் போதுமே என்று கேட்பவர்கள் உண்டு. எடையும் குழாயும் வீணே தொங்கும், வாய் திறந்த குழாய்களுக்குள் துரு ஏறும். அதைவிட முக்கியம், கனெக்டர் மாட்டியபடியே விட்டால் லீவரைத் தொடும்போதெல்லாம் பம்ப் ஆயில் இல்லாமல் ஓட முயலும். கழற்றியே ஆக வேண்டும். கழற்றிய யூனிட்டின் வாய்களை அடைத்து ஒரு பெட்டியில் வையுங்கள். ரிப்பேருக்குக் கொடுக்கவோ, வண்டியைப் பழைய நிலைக்கு மாற்றவோ ஒருநாள் தேவைப்படலாம்.

முன்பக்கம்: மாஸ்டர் சிலிண்டரிலிருந்து ஒரு ஹோஸ் இறங்கி, பிரிப்பானில் இரண்டாகி, இரு காலிப்பருக்கும் போகும். இந்த வண்டியின் டெலிலீவர் என்ற முன் சஸ்பென்ஷனில் மேலே உள்ள பகுதி திரும்ப மட்டும் செய்யும், கீழே உள்ள பகுதி திரும்பவும் செய்யும், ஏறி இறங்கவும் செய்யும். ஜிஎஸ்ஸில் அந்த ஏற்ற இறக்கம் 190 மி.மீ. கீழ்ப் பகுதி ஹோஸ்களில் அந்த அளவுக்கு ஊசலாட இடம் இருக்க வேண்டும். டயரிலோ ஆயில் கூலரின் விளிம்பிலோ உரசக் கூடாது. கீழ் ஹோஸ்கள் பழைய ரப்பராகவே இருக்கட்டும், மேலே மட்டும் புதியது போதும் என்று விற்கும் அரைக் கிட்களை வாங்க வேண்டாம். இருபது வயது ரப்பர் உள்ளே உப்பி வழியை அடைக்கும். பிரேக் பிடித்து விட்ட பிறகும் பேட் டிஸ்க்கை உரசிக்கொண்டே இருப்பதற்கு அதுதான் வழக்கமான காரணம்.

பின்பக்கம் எளிது. பெடலருகே உள்ள மாஸ்டரிலிருந்து ஆயில் முன்பு டேங்குக்கு அடிவரை ஏறிப்போய்த் திரும்பி வந்துகொண்டிருந்தது. இப்போது ஒரே ஹோஸ், நேராகக் காலிப்பருக்கு. பின் சக்கரக் கை ஏறி இறங்கும்போது ஹோஸ் இழுபடாமலும், டயரைத் தொடாமலும், சைலன்சரின் சூட்டில் படாமலும் பார்த்துக் கிளிப் போட்டால் முடிந்தது. ஹோஸ் நடுவில் மாஸ்டரைவிட உயரமாக வளைந்து ஏறக் கூடாது, அந்த மேட்டில் காற்று தங்கிவிடும்.

எஃகு பேஞ்சோ போல்ட்டுக்கு இறுக்கம் 18 நியூட்டன் மீட்டர். அலுமினிய போல்ட் என்றால் தயாரிப்பாளர் தரும் குறைந்த அளவையே எடுத்துக்கொள்ள வேண்டும். இங்கே கை அனுபவத்தை நம்பாமல் டார்க் ஸ்பேனரை எடுப்பதே சரி.

பிரேக் விளக்கு

கிட் வாங்கியவர்களில் பலர் தடுக்கி விழும் இடம் இது. ஹோஸ் எல்லாம் மாட்டி, ஆயிலில் சிக்கிய காற்றை எடுத்து, லீவரும் கெட்டியாகிவிடும். பின்னால் சிவப்பு விளக்கு எரியாது. இந்த வண்டிகளில் லீவர் சுவிட்சும் பெடல் சுவிட்சும் விளக்குக்கு நேராகப் போவதில்லை. ஏபிஎஸ் யூனிட்டுக்குப் போகின்றன, யூனிட்தான் விளக்கை எரியவைக்கிறது. யூனிட் போனால் விளக்கும் போயிற்று. விளக்கு எரியாத வண்டியைச் சாலையில் எடுத்தால், பின்னால் வருபவருக்கு நீங்கள் நிற்கப்போவதே தெரியாது.

ஒரு சாதாரண 12 வோல்ட் ரிலே போதும். 21 வாட் பல்புக்கு 2 ஆம்பியருக்கும் குறைவான மின்னோட்டம்தான், ஆனால் அந்தச் சின்ன சுவிட்ச்களை அதைச் சுமக்கவிடாமல் இருப்பதே நல்லது. ரிலேயின் 30ஆம் முனைக்குச் சாவியோடு வரும் மின்சாரம், 5 ஆம்பியர் ஃப்யூஸ் வழியாக. 87ஆம் முனையிலிருந்து விளக்கு. 85, 86 முனைகள் சுவிட்ச் வழியாக. மாட்டுவதற்கு முன் மல்ட்டிமீட்டரை வைத்து ஒவ்வொரு சுவிட்சும் லீவரை விட்ட நிலையில் திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா என்று பாருங்கள். அழுத்தும்போது மூடும் சுவிட்ச் என்றால் இரண்டையும் இணையாகச் சேர்க்கலாம். அழுத்தும்போது திறக்கும் சுவிட்ச் என்றால் இரண்டையும் தொடராகச் சேர்த்து, விளக்கை 87ஏ முனையிலிருந்து எடுக்க வேண்டும். இந்தத் தலைவலி வேண்டாம் என்றால், பேஞ்சோ போல்ட்டிலேயே அழுத்த சுவிட்ச் பொருத்தியது கடைகளில் கிடைக்கிறது. முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று, இரண்டும் 1 மி.மீ. பிட்ச். அதன் குறை, கொஞ்சம் அழுத்தம் ஏறிய பிறகே விளக்கு எரியும்.

வேலை முடிந்ததும் லீவரால் தனியாக, பெடலால் தனியாக, இரவு விளக்கைப் போட்டு ஒருமுறை, அணைத்து ஒருமுறை என்று எல்லா நிலையிலும் பின் விளக்கைப் பாருங்கள். ஏபிஎஸ் எச்சரிக்கை விளக்கு தொடர்ந்து எரிந்தால் அந்தப் பல்பைக் கழற்றிவிடலாம். சாவி போட்டதும் எரிந்து அணைவதுபோல் போலி சர்க்யூட் வைத்து ஏபிஎஸ் இருப்பதாகக் காட்டுவது அடுத்து வாங்குபவரின் உயிரோடு விளையாடுவது. ஆர்1150இல் ஸ்பீடோமீட்டர் கேபிளில் ஓடுவதால் அதற்குப் பாதிப்பில்லை. ஆனால் 2004இல் வந்த ஆர்1200இல் வேகக் கணக்கே ஏபிஎஸ் சென்சாரிலிருந்துதான் வருகிறது, வயரிங்கும் கணினி வழிப்பட்டது. ஆர்1150 கிட்டை வாங்கி அதில் மாட்டிவிடலாம் என்று நினைக்க வேண்டாம்.

காற்றெடுப்பது

காய்ந்த புது ஹோஸில் லீவரை அடித்து அடித்து ஆயில் இறக்க முயன்றால் பொழுது போகும், காற்று போகாது. ஊசிக்குழலில் ஆயில் நிரப்பி, காலிப்பர் நிப்பிள் வழியாகக் கீழிருந்து மேலே தள்ளுவதே சுருக்கு வழி. காற்றுக் குமிழ் தானாக மேலே ஏறுவதால் ஆயிலும் அதே திசையில் போனால் வேலை பாதி. முதலில் ஒரு காலிப்பர், பிறகு மற்றது; மேலே மாஸ்டர் சிலிண்டர் நிரம்பி வழியாமல் ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். கடைசியில் மாஸ்டரின் பேஞ்சோ போல்ட்டையே அரைச் சுற்றுக்கும் குறைவாகத் தளர்த்தி, லீவரை அழுத்தியபடி மறுபடி இறுக்கினால் அந்த மேல் முனையில் ஒட்டியிருந்த குமிழும் வெளியேறும். ஹேண்டிலை இடப்பக்கம் முழுக்கத் திருப்பி வைத்தால் மாஸ்டர் மேலே உயரும்.

பின் காலிப்பரைக் கழற்றி, நிப்பிள் நேர் மேலே பார்க்கும்படி பிடித்து, பேட்களுக்கு நடுவில் டிஸ்க் தடிமனுக்கு ஒரு மரத்துண்டு வைத்துக் காற்றெடுத்தால் ஒரே தடவையில் முடியும். பிறகு முன் லீவரை இழுத்து ரப்பர் பட்டையால் கட்டி இரவு முழுக்க விடுங்கள். காலையில் லீவர் சற்றே கெட்டியாகியிருக்கும். அப்போதே ஒவ்வொரு போல்ட்டின் அடியிலும் வெள்ளைத் தாளால் ஒற்றிப் பார்த்துவிட வேண்டும். பிறகு லீவரை முழு பலத்தோடு அரை நிமிடம் பிடித்து, லீவர் மெல்ல உள்ளே போகிறதா என்றும் பாருங்கள். போனால் கசிவு இருக்கிறது, அல்லது மாஸ்டரின் ரப்பர் தேய்ந்துவிட்டது. பல ஆண்டுகள் கன்ட்ரோல் சர்க்யூட்டில் மிகக் குறைந்த அசைவோடு இருந்த மாஸ்டர், நேரடி வேலைக்கு மாறியதும் இப்படிக் கைவிடுவது உண்டு. சிலிண்டரின் உட்சுவரில் பிஸ்டன் இதுவரை தொடாத பகுதியில் துரு இருந்தால், அது ரப்பரைக் கிழித்துவிடும்.

லீவரின் பிடி

மாட்டிய வண்டியின் பிடி நேர்மையானது. கீச்சொலி இல்லை, விரல் தொட்டதும் பாயும் அந்தத் திடுக்கிடல் இல்லை. மெதுவாக நகரும் போக்குவரத்தில், குறிப்பாகத் திரும்பும்போது, பழைய சர்வோ அமைப்பைவிட இது எவ்வளவோ மேல். அதே நேரம் கைக்கு வேலை கூடும். ஒரு விரலில் நின்ற வண்டிக்கு இப்போது இரண்டு அல்லது மூன்று விரல் வேண்டும், ஆளும் பெட்டியும் ஏற்றிய ஆர்டியில் நன்றாகவே தெரியும்.

லீவர் கைப்பிடி வரை வந்துவிடுகிறது, அல்லது கல்லாக இருந்தும் வண்டி நிற்கவில்லை என்றால் மாஸ்டர் சிலிண்டரின் துளை அளவைப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் அதன் உடம்பிலேயே எண்ணாக வார்த்திருப்பார்கள். கணக்கு எளிது: இரண்டு துளைகளின் விட்டங்களையும் வர்க்கமாக்கி (தன்னாலேயே பெருக்கி) ஒப்பிட்டால் கிடைப்பதே விகிதம். 13 மி.மீ. துளைக்குப் பதில் 16 மி.மீ. போட்டால் லீவரின் பயணம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறையும், கைவிசை ஒன்றரை மடங்கு கூடும். லீவர் மென்மையாக இருக்கிறது என்று உடனே பெரிய மாஸ்டர் வாங்கிவிட வேண்டாம். முதலில் காற்று இருக்கிறதா என்று இன்னொரு முறை பார்ப்பதே காசு மிச்சம்.

இன்டெக்ரல் இணைப்பும் போய்விடும். ஜிஎஸ்ஸிலும் ஆர்1150ஆரிலும் கை லீவர் இரண்டு சக்கரத்தையும் பிடித்தது. ஆர்டியில் கால் பெடலும் இரண்டையும் பிடித்தது. கால் பெடலை மட்டுமே நம்பி ஓட்டிப் பழகிய ஆர்டிக்காரர் கிட் மாட்டிய அன்று அதே பழக்கத்தில் போனால், பின் சக்கரம் மட்டும் பூட்டிக்கொண்டு வால் ஆடும். வெறும் மைதானத்தில் நடை வேகம், 20 கிலோமீட்டர், 50 கிலோமீட்டர் என்று ஏறுமுகமாக, முன் பிரேக்கைப் படிப்படியாக அழுத்தும் பழக்கத்தை மறுபடி பழக வேண்டும். ஈரச் சாலையில் திடீரென்று லீவரை இறுக்கினால் காப்பாற்ற இனி எதுவும் இல்லை.

சட்டம்

ஜெர்மனியில் பிரேக் அமைப்பை இப்படி மாற்றினால் வண்டியின் இயக்க அனுமதியே செல்லாமல் போகும். பரிசோதகரிடம் தனி ஒப்புதல் வாங்கிப் பத்திரத்தில் ஏற்ற வேண்டும். ஹோஸோடு வரும் அனுமதிச் சான்று ஹோஸுக்குத்தான், ஏபிஎஸ்ஸைக் கழற்றியதற்கு அல்ல. கடைக்காரர் காட்டும் அந்தத் தாளைப் பார்த்து ஏமாற வேண்டாம். மாட்டுவதற்கு முன்பே பரிசோதகரிடம் பேசிவிட்டால் பிறகு அலைச்சல் இல்லை. எந்த நாட்டிலும் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்துவிட வேண்டும்.

இதைப் படித்துவிட்டு, இந்தியாவில் ஓடும் தன் வண்டியில் ஏபிஎஸ் விளக்கு எரிகிறது, கழற்றிவிடலாமா என்று கேட்பவர்களுக்கு: வேண்டாம். 125 சிசிக்கு மேற்பட்ட புதிய வண்டிகள் அனைத்துக்கும் 2019 ஏப்ரல் 1 முதல் ஏபிஎஸ் கட்டாயம், மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை மாற்றத் தடை விதிக்கிறது. அந்த வண்டிகளில் சர்வோவும் கிடையாது. கோளாறானால் சாதாரண பிரேக் அப்படியே இருக்கும், பெரும்பாலும் ஒரு சக்கர சென்சாரோ அதன் வயரோ மாற்றினால் சரியாகிவிடும்.

மாட்டிய பிறகு

முதல் 100 கிலோமீட்டரிலும், மறுபடி 500 கிலோமீட்டரிலும் எல்லா போல்ட்டையும் தாளால் ஒற்றிப் பார்த்து, ஹோஸ் உரசிய தடம் எங்காவது இருக்கிறதா என்று தேட வேண்டும். ஆயில் இனி இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றினால் போதும், டேங்கைத் தூக்கத் தேவையில்லை. பழகியவர்களும் மறந்துவிடும் ஒன்று உண்டு. முன்பு பேட் தேய்ந்தால் தாழ்ந்தது யூனிட்டின் மேலிருந்த தொட்டி. ஹேண்டில்பாரில் உள்ள தொட்டியின் மட்டம் அசையாமல் நின்றது. இப்போது அந்தச் சின்னத் தொட்டியே பேட் தேய்மானம் முழுவதையும் ஈடுகட்ட வேண்டும். புது பேட் போட்டு, பிஸ்டனை முழுக்க உள்ளே தள்ளிய நிலையில் மேல் கோடு வரை நிரப்பி, அதன் பிறகு ஒவ்வொரு பெட்ரோல் நிரப்பலின்போதும் கண்ணாடி வழியே மட்டத்தைப் பாருங்கள். கீழ்க் கோட்டை நெருங்கினால் ஆயில் ஊற்றுவதற்கு முன் பேட்டின் தடிமனைப் பாருங்கள்.